சட்டைக்கு ஒரு ரூபாய்: திருப்பூர் சாயக்கழிவு வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

அணை கட்டித் தரச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுப்பார்கள். தண்ணீர் திறக்கச் சொல்லிச் சாலையில் உட்காருவார்கள். கட்டிய அணையில் தண்ணீர் தேக்கக் கூடாது என்று ஆயக்கட்டுக்காரர்களே நீதிமன்றப் படியேறியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னிமலைக்கு அருகே, நொய்யலின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணையின் கதை அதுதான்.

1990களின் தொடக்கத்தில் சுமார் பதினாறரைக் கோடி ரூபாய் செலவில் பொதுப்பணித்துறை கட்டி முடித்த அணை அது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெற வேண்டும் என்பது திட்டம். அதில் பெரும்பகுதி நிலம் கரூர் மாவட்டத்தில் இருந்தது. மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிவரும் நொய்யல், காவிரியில் சேர்வதற்கு முன் ஒருமுறை தேங்கி நின்று வயல்களை நனைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அணை எழுந்த அதே பத்தாண்டுகளில் மேற்கே திருப்பூரும் எழுந்துகொண்டிருந்தது. அணையில் வந்து தேங்கியதில் மழைநீரை விடச் சாயத்தண்ணீரே அதிகம். சில ஆண்டுகளில் அது பாசன அணை என்பது போய், ஒரு நகரத்தின் சாயப்பட்டறைகளுக்கான கழிவுத் தொட்டியாகவே ஆகிவிட்டது.

வணிக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று பேச்சு எழுந்தால், பள்ளிக்குக் கட்டடம், மருத்துவ முகாம், மரக்கன்று என்று பேச்சு ஒரே திசையில் போய்விடுகிறது. திருப்பூர் நிகழ்வை எடுத்துக்கொண்டால் அந்தத் திசை எவ்வளவு தவறானது என்பது விளங்கும். இந்த ஊரின் முதலாளிகள் கொடைக்குச் சளைத்தவர்கள் அல்லர். கோயில் திருப்பணி, பள்ளி, இரத்ததான முகாம் எதற்கும் இங்கே பணம் திரளும். 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடும் இயக்கம் ஊர்ப் பணத்தில் இன்றும் நடக்கிறது. கீழே ஆற்றங்கரையில் கெட்டுப்போன கிணறுகளைப் பற்றிய கேள்வியை இவற்றில் எதுவும் தொடவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது

வழக்கைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சாயப்பட்டறைக்குள் நுழைய வேண்டும்.

பின்னல் எந்திரத்திலிருந்து வரும் துணி மங்கிய வெள்ளையாக இருக்கும். அதைக் ‘கிரே’ துணி என்பார்கள். காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் சேர்த்துக் கொதிநீரில் வெளுப்பது முதல் வேலை. அடுத்தது சாயம். பருத்திக்கு இங்கே போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது நூலோடு வேதிப் பிணைப்பில் சேர்ந்துவிடும் என்பதால் துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் ஒரு சங்கடம். தண்ணீருக்குள் பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழையில் ஏறும். சோடியம் சல்பேட் எனப்படும் கிளாபர் உப்பு, இல்லையென்றால் சாதாரணச் சோடியம் குளோரைடு. பிறகு சோடா ஆஷ் போட்டுச் சாயத்தை நிலைப்படுத்தி, அமிலம் போட்டுச் சமன்செய்து, சோப்பு நீரில் அலசி, மறுபடி மறுபடி நல்ல தண்ணீரில் அலசுவார்கள்.

கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 80 கிராம் உப்பு என்பது சாதாரண அளவு. சிக்கனமான எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர் என்று வைத்துக்கொண்டால் 640 கிராம் உப்பு ஆகிறது. பழைய ‘வின்ச்’ எந்திரங்கள் இதைப்போல இரண்டு மடங்கு நீர் குடித்தவை. அவற்றில் துணியின் எடையைவிட உப்பின் எடை கூடுதலாக இருந்திருக்கும். ஒரு கிலோ துணியில் ஐந்தாறு டி-ஷர்ட் தைக்கலாம். அப்படியானால் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்குப் பின்னால் குறைந்தது நூறு கிராம் உப்பு. அதில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. சாயம் ஏற உதவிவிட்டு அவ்வளவும் கழிவுநீரோடு வெளியே போகிறது.

நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. இந்த வழக்கின் பாதிச் சிக்கல் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆறு சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடியபோது ஊர் கொதித்தது, பத்திரிகைகளில் படம் வந்தது. நீதிமன்ற நெருக்கடியால் 1990களின் இறுதியில் எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பொதுநிலையத்தில் சேராத பட்டறைகள் சொந்தமாக நிலையம் வைத்துக்கொண்டன. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கலந்து நிறத்தைப் படியவைக்கும் முறை அது. வெளியே வந்த நீர் ஓரளவு தெளிந்திருந்தது. ஆனால் கரைந்த உப்பை அந்த முறையால் ஒன்றும் செய்ய முடியாது. சுத்திகரித்தோம் என்று பட்டறைகள் சொன்னதும் உண்மை, கிணறு கெடுகிறது என்று விவசாயிகள் சொன்னதும் உண்மை.

கழிவுநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் இந்த உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயத்தண்ணீரில் அது இதைப்போலச் சில மடங்கு இருந்தது. வற்றாத ஆறாக இருந்திருந்தால் கலந்து கரைந்து போயிற்று என்று விட்டிருப்பார்கள். நொய்யல் மழைக்கு மட்டும் ஓடும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடியது ஊரின் சாக்கடையும் பட்டறைகளின் கழிவும்தான். கலந்து கரைக்க நல்ல நீரே இல்லாத ஓர் ஆற்றின் கரையில், இவ்வளவு உப்பு கேட்கும் ஒரு தொழில் இவ்வளவு பெரிதாக வளர விட்டதே முதல் தவறு. அதில் பட்டறைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அணைக்கு அனுமதி தந்த அரசுதான் பட்டறைகளுக்கும் தந்தது.

வளர்ந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்குப் பதினைந்து கோடி ரூபாய் அளவில் இருந்தது. 2006-07 வாக்கில் பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1990களின் இறுதியில் எண்ணூறுக்கு மேல். வேலை தேடி வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட ஊர் என்ற பெயர் திருப்பூருக்கு வந்தது இந்த ஆண்டுகளில்தான். அந்தப் பெயரில் பொய் எதுவும் இல்லை.

தலைமடையும் கடைமடையும்

வெளியூர்க்காரர்கள் இந்த வழக்கைப் பணக்கார முதலாளிகளுக்கும் ஏழை விவசாயிகளுக்கும் நடந்த சண்டையாக எழுதியிருக்கிறார்கள். எழுத வசதியான கதைதான். ஆனால் பட்டறை வைத்தவர்களில் கணிசமானவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் ஒரு பங்கை விற்றோ அடமானம் வைத்தோ முதல் எந்திரத்தை வாங்கியவர்கள் உண்டு. அண்ணன் தோட்டத்திலும் தம்பி கம்பெனியிலுமாக இருந்த வீடுகள் உண்டு. தலைமடைக்காரன் மடையை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் பாடு என்ன என்பதைச் சின்ன வயதிலிருந்தே கண்டு வளர்ந்தவர்கள் இவர்கள். வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சிய சமூகத்துக்குக் கீழே இருப்பவனின் உரிமை என்ன என்று நிர்வாக இயல் பாடம் நடத்தத் தேவையில்லை. தெரிந்தேதான் நடந்தது. அதுதான் இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நொய்யல்கரை நிலத்தடி நீர் கெட்டபின் பட்டறைகளுக்கே நல்ல தண்ணீர் இல்லாமல் போனது. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்கினார்கள். பயிர் வைத்துக் கிடைப்பதைவிடத் தண்ணீரை விற்றுக் கிடைப்பது கூடுதல் என்று கண்ட விவசாயிகள் விற்றார்கள். இரவும் பகலும் லாரிகள் ஓடின. பவானி வட்டாரத்திலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரும் ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் 2005 வாக்கில் செயல்பட்ட பிறகுதான் அந்த ஓட்டம் தணிந்தது. ஆகவே விவசாயி என்ற ஒற்றைத் தரப்பு இங்கே இல்லை. மேலே தண்ணீர் விற்றவரும் விவசாயி, கீழே கழிவை ஏற்றவரும் விவசாயி.

கீழே என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சளும் வாழையும் கரும்பும் வைத்த நிலங்களில் உப்புத் தாங்கும் தீவனப் பயிர்கள் வந்தன, சில நிலங்களில் அதுவும் இல்லை. கிணற்றடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. குடிநீர் லாரியில் வந்தது. ஒரத்துப்பாளையத்துக்கும் கீழே, நொய்யல் நீரை நம்பிக் கட்டிய ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கத்தின் விவசாயிகளும் அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள்.

இழப்பை அளக்க ஓர் அமைப்பு இருந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதன்படி அதே ஆண்டு சூழலியல் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. நொய்யல் படுகையில் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டதாக 2004 டிசம்பரில் அந்த ஆணையம் கணக்கிட்டு, சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கோடிக் கணக்கில் கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஆளுக்கு வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 8,700 ரூபாய்கூட வரவில்லை. ஆண்டுக்கணக்காகக் கெட்ட நிலத்துக்கு ஒரு விவசாயிக்கு அவ்வளவு. அந்த ஆண்டுகளில் திருப்பூர் ஈட்டிய ஏற்றுமதி வருமானத்தின் பக்கத்தில் இந்த 24.79 கோடியை வைத்துப் பார்த்தால், ஏன் யாருக்கும் அவசரம் இல்லாமல் போனது என்பது புரியும்.

ஆறு பைசா

நொய்யல் நதி ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று வந்த தீர்ப்புதான் திருப்புமுனை. 2007 ஜூலை 31க்குள் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதல் மூன்று மாதம் 6 பைசா, அடுத்து 8, கடைசியில் 10. அந்தப் பணம் அணையையும் ஆற்றையும் தூய்மைப்படுத்தப் போக வேண்டும்.

ஆறு பைசா என்பது எவ்வளவு? ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயமேற்றி அலசி முடிக்க நூறு லிட்டர் தண்ணீர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஆறு ரூபாய். ஐந்தாறு டி-ஷர்ட்டுக்குப் பங்கிட்டால் சட்டைக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கடையில் தொங்கும்போது அந்தச் சட்டையின் விலை சில நூறு ரூபாயாவது இருக்கும். அந்த ஒரு ரூபாயைத் தருவதா வேண்டாமா என்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

ஏன் என்று கேட்டால் பேராசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தொழில் அமைந்திருந்த விதம். திருப்பூரில் சாயப்பட்டறை பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்யும் இடம். துணி ஏற்றுமதியாளருடையது. பட்டறைக்காரருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி. பக்கத்துத் தெருப் பட்டறை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால் துணி அங்கே போய்விடும். மனச்சாட்சி உள்ள ஒருவர் தன் கழிவை மட்டும் முழுமையாகச் சுத்திகரிக்கத் தொடங்கினால், ஆறு மாதத்தில் அவர் தொழிலை விட்டுப் போயிருப்பார், நொய்யல் அப்படியேதான் இருந்திருக்கும். ஏற்றுமதியாளரும் இதே நெருக்கடியை அவருடைய வாங்குநரிடம் சந்தித்தார். ஒரு சட்டைக்கு ஐந்து சென்ட் குறையுங்கள், இல்லையென்றால் வங்கதேசத்துக்குப் போகிறோம் என்பது வாங்குநர்கள் வழக்கமாகப் பேசும் பேரம்.

அந்த வாங்குநர்களின் ஆய்வாளர்கள் ஊருக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, அவசர வழி திறந்திருக்கிறதா, குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா என்று தையல் கூடத்தில் பார்த்தார்கள். அவை தேவையான கேள்விகள். ஆனால் அந்தக் கேள்விகள் தொழிற்சாலையின் மதில்சுவரோடு முடிந்துவிட்டன. துணி எந்தப் பட்டறையில் நிறமேறி வந்தது, அந்தப் பட்டறையின் தண்ணீர் எங்கே போனது என்று தேடிப் போக வேண்டிய கட்டாயம் அன்று யாருக்கும் இல்லை.

தீர்ப்பை எதிர்த்துச் சாயப்பட்டறை உரிமையாளர்கள் செய்த மேல்முறையீட்டில் 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறோம், இலட்சக்கணக்கானோருக்கு வேலை தருகிறோம் என்ற வாதங்களை நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதைக் காட்டி ஆற்றைக் கெடுக்கும் உரிமை கேட்க முடியாது என்றது. ஆற்றிலும் அணையிலும் படிந்த கசடை அகற்றும் செலவும், பாதிக்கப்பட்ட விவசாயிகளின் இழப்பும் அவர்கள் பொறுப்பே என்று உறுதி செய்தது.

அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வாரத்தில் அமைதியாகிவிட்டன.

மூடியபின்

எல்லாவற்றையும் மூடச் சொன்ன உத்தரவு சரியா என்ற கேள்விக்கு இன்றும் ஊரில் இரண்டு பதில்கள் உண்டு. ஆர்டர்கள் கைமாறின. துணியைச் சாயத்துக்காக வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரியில் அனுப்பி வரவழைத்தார்கள். பட்டறைகளில் நாள்கூலிக்கு நின்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த மாதங்களில் வருமானம் இழந்த தொழிலாளிக்கு இந்தத் தவறில் எந்தப் பங்கும் இல்லை. முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதைச் செய்யாத முதலாளி, பார்த்துக்கொண்டிருந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருவரின் காலதாமதத்துக்கும் வட்டி கட்டியவர் அவர்தான். வாரியம் தன் வேலையை 1990களிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் நீதிமன்றத்துக்கு இவ்வளவு கடுமையான உத்தரவு தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் அந்த உத்தரவுக்குப் பிறகுதான் தொழில்நுட்பம் வேகமாக நகர்ந்தது. கழிவை உயிரியல் முறையில் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல நீரைப் பிரிப்பது முதல் படி. மிஞ்சும் அடர் உப்புநீரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாரும் சிக்கியிருந்தார்கள். கொதிக்கவைத்து ஆவியாக்க விறகும் மின்சாரமும் கட்டுப்படியாகவில்லை. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த சோதனையில் அந்த உப்புநீரையே தெளியவைத்துச் சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள். உப்புதானே வேண்டும், இதோ உப்பு, கரைந்தே வருகிறது. கேட்டால் மிக எளிய யோசனை. வாங்கும் உப்பும் குறைந்தது, ஆவியாக்க வேண்டிய நீரும் குறைந்தது. 2011இல் ஆட்சிக்கு வந்த மாநில அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதனை ஓட்டம் முடித்து அனுமதி பெற, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இன்று நாள்தோறும் சுமார் 13 கோடி லிட்டர் நீரை மறுசுழற்சி செய்கிறோம் என்று ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்லத் தகுந்ததுதான். கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத சாயத் தொழில் இவ்வளவு பெரிய அளவில் நடக்கும் ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. மூடினால் தொழில் அழியும் என்று 2006இல் வாதிட்டார்கள். 2022-23இல் திருப்பூரின் ஏற்றுமதி 34,000 கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு அந்த ஆறு பைசாவைவிடச் சில மடங்கு கூடுதல். அதைச் சுமந்துகொண்டேதான் இந்த வளர்ச்சி. எல்லாப் பட்டறைக்கும் ஒரே நாளில் ஒரே விதி வந்ததால், பக்கத்துத் தெருக்காரர் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கும் பயம் ஊருக்குள் போய்விட்டது. தனியொருவரால் முடியாத நேர்மையை எல்லாரிடமும் ஒன்றாகக் கேட்டபோது முடிந்தது.

இரண்டு சதவீதம் எங்கே பொருந்துகிறது

திருப்பூர் பட்டறைகள் மறுபடி ஓடத் தொடங்கிய காலத்தில்தான் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை.

இந்தச் சட்டத்தை நொய்யல் வழக்கின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டுவதே இல்லை. கூட்டு வணிகமாகவோ தனி உரிமையாளர் பெயரிலோ நடக்கும் பட்டறைகள் சட்டத்தின் பார்வையில் கம்பெனிகளே அல்ல. கம்பெனிகளாகப் பதிவானவற்றிலும் பல இந்த வரம்புக்குக் கீழே. அதைவிட முக்கியம், ஒரு நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எதையும் சமூகப் பணிக் கணக்கில் எழுத முடியாது என்கின்றன விதிகள். தன் கழிவைத் தானே சுத்திகரிப்பது சமூகப் பணி ஆகாது. விதி சரியாகத்தான் இருக்கிறது. நாம்தான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். இரண்டு சதவீதம் என்பது லாபம் பார்த்த பிறகு வருவது. நொய்யல்கரை விவசாயிக்குத் திருப்பூர் பட்ட கடன், லாபம் என்ற எண்ணை எழுதுவதற்கு முன்பே கழித்திருக்க வேண்டியது. கழிக்காமல் எழுதிய லாபத்தில் இரண்டு சதவீதம் என்ன, இருபது சதவீதம் கொடுத்தாலும் அது அவர் பணத்தில் கொஞ்சத்தை அவருக்கே திருப்பித் தருவதாகத்தான் இருந்திருக்கும்.

மரம் நடும் இயக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமானதும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததும் இந்த ஊரில் நடந்த நல்ல காரியங்கள். ஆண்டறிக்கையில் பறவைப் படம் போடும் கம்பெனிகள், அதே அறிக்கையில் ‘ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு உள்ளே போனது, எவ்வளவு மீட்கப்பட்டது’ என்ற ஒரு வரியையும் சேர்த்தால் படிப்பவருக்கு உபயோகமாக இருக்கும்.

முடியாமல் நிற்பவை

வட்டியில்லாக் கடன் என்றால் வட்டியை யாரோ கட்டுகிறார்கள். அரசு கட்டியது. அரசு என்றால் வரி கட்டும் எல்லாரும், அதில் கரூர் விவசாயியும் உண்டு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, நடைமுறைக்கு வரும்போது இப்படித்தான் தேய்ந்து போகிறது. குறைந்த விலைக்குச் சட்டை வாங்கிப் பழகிய வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கு என்ன என்ற கேள்வி, இந்த வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்தின் முன் வரவே இல்லை.

மீண்டும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. ஆற்றில் போகாதது நிம்மதி. ஆனால் கொட்டகையில் அடுக்கிவைப்பது தீர்வு ஆகாது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. திருப்பூரில் விதி இறுகியதும் சாயத்தின் ஒரு பகுதி கிழக்கே நகர்ந்தது. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் வட்டாரங்களில் அனுமதியில்லாப் பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடித்தது, மின்சாரத்தைத் துண்டித்தது என்ற செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே ஓடுவது நொய்யல் அல்ல, காவிரி. அதன் கீழே குடிநீருக்கே அந்த ஆற்றை நம்பிய ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

இங்கே ஏற்றுமதியாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்க வேண்டாம். துணி எந்தப் பட்டறைக்குப் போகிறது, அந்தப் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், அன்றைய கழிவு எத்தனை லிட்டர் அங்கே போய்ச் சேர்ந்தது ஆகிய மூன்றையும் ஜாப் ஒர்க் பில்லிலேயே எழுதி வாங்கலாம். சுத்திகரிப்புக் கட்டணத்தைச் சாயக் கூலியோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டச் சொல்லலாம். தனி வரியாக இருந்தால், பேரத்தில் அதைக் குறைத்துக் கேட்பவர் எதைக் குறைக்கச் சொல்கிறார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே நடக்கும். கிலோவுக்கு நம்ப முடியாத கூலி சொல்லும் பட்டறையின் பில்லில் அந்த வரி காலியாக இருக்கும்.